முடிக்கும் நெஞ்சுக்கும் என்னடி சம்பந்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கேன், வயசு அம்பத்தாறு, கடுதாசின்னு ஒண்ணு எழுதி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, எழுத்து முன்னப்பின்ன இருந்தா நீங்களே சரி பண்ணிக்கங்க, ஆனா விஷயத்த வெட்டிராதீங்க. என் தம்பி பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் நாக்ஸோஸ்னு ஒரு நோய் இருக்கு. பரம்பரையா வர்ற இருதய நோய். ஆனா அது மொதல்ல தலைமுடியிலயும் உள்ளங்கை உள்ளங்கால்லயும் தெரியுது, நெஞ்சுல தெரியுறதுக்கு பத்து பதினஞ்சு வருஷம் முன்னாடியே தெரியுது, அத்தனை வருஷமும் நாங்க என்ன பண்ணோம்னா எண்ணெய் மாத்துனோம், க்ரீம் மாத்துனோம்.

பையன் பொறந்தப்பவே முடி வேற மாதிரி. எங்க வீட்டுல யாருக்கும் அப்படி இல்ல, தம்பிக்கு நேர் முடி, அவன் பொண்டாட்டிக்கு இடுப்புவரைக்கும் பின்னல். இவனுக்கு மட்டும் தலையில ஒட்டின மாதிரி பொடிப்பொடியா சுருண்டு, தொட்டா கம்பளி மாதிரி இருக்கும், எவ்வளவு நாள் விட்டாலும் நீளாது. சுருட்ட முடி சோறு போடும்னு எங்க அம்மா சொல்லிச்சு, அதுக்கு மேல யாரும் யோசிக்கல. மொட்டை போட்டா நல்லா வளரும்னு ரெண்டு தடவ மொட்டை போட்டோம், திரும்பவும் அதே முடிதான் வந்துச்சு. தவழ ஆரம்பிச்சு நிக்க ஆரம்பிச்ச பிறகு உள்ளங்கை உள்ளங்கால் தடிக்க ஆரம்பிச்சது, லேசா மஞ்சளா, குறிப்பா எங்கெங்க அழுத்தம் படுதோ அங்க. கால் ஆணின்னோம், பித்தவெடிப்புன்னோம், மூணு வயசுப் பிள்ளைக்கு எங்கேருந்து பித்தவெடிப்பு வரும்னு இப்ப கேக்கத் தோணுது, அப்ப தோணல. ஒரு சொந்தக்காரர் இவன் கால பாத்துட்டு தீமிதிக்குன்னே செஞ்ச காலுடான்னு சிரிச்சாரு, நாங்களும் சேந்து சிரிச்சோம்.

தோல் டாக்டர்கிட்ட போகாம இல்ல. போலிகிளினிக்ல, அதாவது அரசாங்கக் கிளினிக்ல, லெட்டர் வாங்கி ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போனோம். எந்த இடம்னு எழுத வேண்டாம், அவங்க கெட்டவங்க இல்ல, நல்லாத்தான் பாத்தாங்க, யூரியா கலந்த க்ரீம் கொடுத்தாங்க, தோல் தடிப்பா இருக்கும், பரம்பரையா இருக்கலாம், வாழ்நாள் முழுக்க க்ரீம் போடணும்னாங்க. எல்லாம் சரிதான். ஒரே ஒரு கேள்வி மட்டும் யாரும் கேக்கல, நாலஞ்சு வருஷத்துல ஒருத்தர்கூட கேக்கல, இந்தப் பிள்ளைக்கு நெஞ்சப் பாத்தீங்களான்னு. அவங்க தோலப் பாத்தாங்க, முடி அவங்க கண்ணு முன்னாடியே இருந்தது.

செகண்டரி டூ படிக்கும்போது 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துல விழுந்துட்டான். ஓடிக்கிட்டு இருக்கும்போதே, தடுக்கி விழுந்த மாதிரி இல்லாம, சுவிட்ச் அணைச்ச மாதிரி விழுந்தான்னு கூடப் படிச்ச பையன் சொன்னான். ஒரு நிமிஷத்துல எழுந்துட்டான். வீட்டுப் பக்கத்து கிளினிக்ல காலையில சாப்பிடலயா வெயில் அதிகமான்னு கேட்டு ரெண்டு நாள் எம்சி, அதாவது மெடிக்கல் லீவு, கொடுத்து அனுப்பிட்டாங்க. சாப்பிட்டுத்தான் போயிருந்தான், அவன் அம்மா அன்னைக்கு இட்லி வச்சு கொடுத்தது எனக்கே தெரியும். வெயில்ல நின்னுக்கிட்டு இருக்கும்போது மயங்குறது வேற, ஓடும்போது மயங்குறது வேற, ரெண்டாவது வந்தா நெஞ்சப் பாத்தே ஆகணும்னு இப்ப இருதய டாக்டர் சொல்றாங்க. இத வாசிக்கிற பெத்தவங்க மத்ததெல்லாம் மறந்தாலும் இத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க.

கடைசியில கண்டுபிடிச்சது என்எஸ் மெடிக்கல்ல, அதான் பையனுங்க கட்டாயம் போகவேண்டிய தேசிய சேவைக்கு முன்னாடி பண்ற செக்கப்ல. 17 வயசு. அங்க எல்லாப் பையனுக்கும் நெஞ்சுல வயர ஒட்டி ஈசிஜி எடுப்பாங்கல்ல, இவனுது சரியில்லன்னு நிறுத்தி வச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. அங்க ஒரு சின்ன வயசு டாக்டர், சீனப் பொண்ணு, ஈசிஜி பேப்பரப் பாத்தா, அப்புறம் இவன் தலையப் பாத்தா, கொஞ்ச நேரம் பேசல, கைய நீட்டச் சொன்னா, உள்ளங்கையத் தடவிப் பாத்தா, எழுந்து போய் பெரிய டாக்டரக் கூட்டிட்டு வந்துட்டா. அந்தப் பொண்ணுக்கு நாங்க காலம் பூரா கடன்பட்டிருக்கோம். அப்புறம் எக்கோ, எம்ஆர்ஐ, 24 மணி நேரம் இடுப்புல கட்டிக்கிற ஹோல்டர் மிஷின், ரத்தம் எடுத்து ஜீன் டெஸ்ட். இருதயத்தோட வலது கீழ் அறை பெருசாகியிருக்கு, ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல தப்புத் துடிப்பு.

வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் சொன்னப்ப எங்க அம்மா, எண்பத்தி மூணு வயசு, முழுசா கேட்டுட்டு என்னப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு, ஏண்டி, முடிக்கும் நெஞ்சுக்கும் என்னடி சம்பந்தம்?

அன்னைக்கு எனக்கு பதில் தெரியல. அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல அதே கேள்விய டாக்டர்கிட்ட கேட்டு, அப்புறம் அம்மாவுக்குப் புரியுற மாதிரி நான் சொன்னது இதுதான். நம்ம உடம்புல செல்லும் செல்லும் பிரிஞ்சு போகாம சட்டை பட்டன் மாதிரி ஒண்ணு பிடிச்சு வச்சிருக்கு, அதுக்கு டெஸ்மோசோம்னு பேரு. அந்தப் பட்டன் செய்யுறதுக்கு வேண்டிய ஒரு புரதம் பிளாக்கோகுளோபின். அது பழுதா இருந்தா எங்கெல்லாம் இழுப்பும் அழுத்தமும் அதிகமோ அங்கெல்லாம் கெட்டுப்போகும். பரோட்டா மாவு சரியா பிசையாம இருந்தா சும்மா வச்சிருக்கும்போது ஒண்ணும் தெரியாது, வீசும்போதுதான கிழியும். உடம்புல ஓயாம வீசுற இடம் எது, நடக்குற கால், பிடிக்கிற கை, அப்புறம் ராத்திரி பகல் நிக்காம அடிக்கிற நெஞ்சு. முடியிலயும் அதே புரதம் இருக்குறதாலதான் அந்தக் கம்பளி முடி. தோல் கிழிஞ்சா தடிச்சு மூடிக்கும். நெஞ்சுத் தசை செத்தா அந்த இடத்துல கொழுப்பும் தழும்புமா நிரம்பிடுது, தழும்பு வழியா கரண்ட் சரியா போகாது, சுத்தி சுத்தி வரும், துடிப்பு தாறுமாறா ஓடும், ஓடும்போது விளையாடும்போது அது சட்டுன்னு ஆளையே சாச்சிரும். அம்மா கேட்டுட்டு, அப்ப சாமி நமக்கு முன்னாடியே எழுதித்தான் காட்டியிருக்கு, நாமதான் படிக்கலன்னுச்சு. நான் சாமி கும்பிடுறது குறைவு, இருந்தாலும் அதுக்கு பதில் சொல்ல முடியல.

நாக்ஸோஸ்ங்கிறது கிரீஸ் நாட்டுல ஒரு தீவு. அங்க வேலை பாத்த நிக்கோஸ் புரோட்டோனோடாரியோஸ், அடலினா சாட்சோபூலு இன்னும் சில டாக்டருங்க சேந்துதான் அந்தத் தீவுக் குடும்பங்கள்ல இந்தக் கை கால் தடிப்பும் இருதயக் கோளாறும் ஒண்ணாவே வருதுன்னு கவனிச்சு 1986ல எழுதினாங்க. எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா பெரிய ஆஸ்பத்திரி ஏசி ரூம்ல உக்காந்து கண்டுபிடிச்சது இல்ல, ஊருக்குள்ள இருந்து வீடு வீடா தெரிஞ்ச டாக்டர் பாத்தது. ஜீன் எதுன்னு தெரிஞ்சது 2000ல, பிளாக்கோகுளோபின் ஜீன்ல வெறும் ரெண்டே எழுத்து விட்டுப்போயிருக்கு, அவ்வளவுதான். இதுக்கு சொந்தம் மாதிரி இன்னொண்ணும் இருக்கு, கார்வஹால் சிண்ட்ரோம், அத 1998ல தென் அமெரிக்காவுல ஈக்வடார்ல ஒரு தோல் டாக்டர் எழுதினாரு. பாத்தீங்களா, தோல் டாக்டர். அவரு தோலோட நிக்காம நெஞ்சையும் பாத்ததாலதான் அந்தப் பேரே வந்துச்சு. அதுல பழுது டெஸ்மோபிளாக்கின்னு வேற புரதத்துல, நெஞ்சுல இடது பக்கம் அதிகமா பாதிக்கும், வெளிய பாத்தா அதே முடி, அதே கை கால். துருக்கி, அரபு நாடுகள், நம்ம இந்தியான்னு பல இடத்துல இந்த ரெண்டும் அங்கொண்ணு இங்கொண்ணு பதிவாகியிருக்கு, அதனால வெள்ளக்காரன் வியாதின்னு தள்ளிவிட முடியாது.

இப்ப கொஞ்சம் சங்கடமான விஷயம். என் தம்பி கட்டினது எங்க தாய்மாமன் மகள. இந்த நோய் பிள்ளைக்கு வரணும்னா அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயிருந்தும் பழுதான ஜீன் வரணும். ஒண்ணு மட்டும் பழுதா இருக்குறவங்களுக்கு இந்த முடியும் கையும் வராது, தம்பியும் அவன் பொண்டாட்டியும் அப்படித்தான், பாத்தா ஒண்ணும் தெரியாது. அப்படி ரெண்டு பேர் சேந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துல கட்டும்போது ஒரே தாத்தா பாட்டிகிட்டயிருந்து ஒரே பழுது ரெண்டு பக்கமும் வந்திருக்க வாய்ப்பு கூடுது. தம்பி பொண்டாட்டி இத கேட்ட அன்னைக்கு ராத்திரி பூரா அழுதா, என்னாலதானே என்னாலதானேன்னு. நான் சொன்னேன், உன்னக் கட்டி வச்சது நாங்க, பெரியவங்க பேசினது, நீ எங்க வந்த அதுல. சொந்தக் கல்யாணம் பண்ண எல்லார் பிள்ளைக்கும் நோய் வரும்னு நான் சொல்ல வரல, எத்தனையோ பேர் நல்லா இருக்காங்க. ஆனா என் பொண்ணு இந்தப் பையனுக்கு முறைப்பொண்ணு, சின்ன வயசுலேருந்தே இவனுக்கு அவன்னு விளையாட்டா பேசினவங்கதான் நாங்க. அவனுக்கு ரெண்டு ஜீனும் பழுது, என் பொண்ணுக்கு ஒண்ணு பழுதா இருந்தா பிள்ளைக்கு பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான் டெஸ்ட் எடுத்தேன், எனக்கு ஒண்ணு பழுது இருக்கு. என் பொண்ணு இன்னும் எடுக்கல, கல்யாணத்துக்கு முன்னாடி எடுப்பேன்னு சொல்லியிருக்கா, அது அவ முடிவு, நான் வற்புறுத்தல.

ஊர்ல விசாரிச்சோம், தஞ்சாவூர்ப் பக்கம். டாக்டர்தான் குடும்ப மரம் போடச் சொன்னாங்க, யாராவது சின்ன வயசுல திடீர்னு போனாங்களான்னு. அம்மா யோசிச்சு யோசிச்சு தன் சித்தப்பா ஒருத்தரச் சொல்லிச்சு, பத்தொம்பது வயசுல களத்துமேட்டுல மூட்டை தூக்கும்போது விழுந்து அங்கேயே போயிட்டாராம், முனி அடிச்சிருச்சுன்னு பூசை போட்டாங்களாம். அவருக்கு முடி எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் என்னயே பாத்துச்சு. அப்புறம் சொல்லிச்சு, ஊர்ல அவர யாரும் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, ஆட்டுமுடியான்னுதான் கூப்பிடுவாங்க. டாக்டருங்க இங்கிலீஷ்ல இந்த முடிக்கு வச்சிருக்க பேரும் கிட்டத்தட்ட அதேதான், கம்பளி முடி. அவருக்கு என்னன்னு இனிமே யாரும் நிரூபிக்க முடியாது, ஆனா அந்தப் பேரக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது.

இதெல்லாம் முன்கதை. நான் கடுதாசி எழுத உக்காந்தது தம்பி மகளுக்காக. அவளுக்கும் அதே முடி, அதே கை. அண்ணனுக்குக் கண்டுபிடிச்சப்ப அவளுக்கு 14 வயசு. ஸ்கூல்ல பாத்திரம் தேய்க்கிற நாருன்னு கிண்டல் பண்ணி, பொம்பளப் பிள்ளை வேற, கேக்கணுமா, தேக்காவுல ஒரு சலூன்ல ரீபாண்டிங்னு முடிய நேராக்கிக்கிட்டு காசு காசா செலவழிச்சு முடி பொத்துப்பொத்துன்னு உடைஞ்சதுதான் மிச்சம். ஸ்கூல்ல பாடம் போக சேர்ற சிசிஏ அவளுக்கு நெட்பால், நல்லா விளையாடுவா. இந்த நோய் இருக்குற பிள்ளைங்களுக்கு டீன் வயசுக்குள்ள நெஞ்சுல தெரிய ஆரம்பிச்சிரும்ங்கிறாங்க, அந்த வயசுலதான் இவ கோர்ட்டுல குதிச்சுக்கிட்டு இருந்தா. அண்ணன் மாட்டுனதால இவளையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, ஈசிஜில ஏற்கெனவே மாற்றம் இருந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க, இவளுக்கு அண்ணன் இல்லாம இருந்தா? தம்பிக்கு ரெண்டும் பொண்ணாப் பொறந்திருந்தா? ஆம்பளப் பிள்ளைங்களுக்கு என்எஸ்னு ஒண்ணு இருக்கு, அங்கயாவது ஒரு தடவ வயர் ஒட்டிப் பாக்குறாங்க, அதுவே இந்த நோய்க்கு லேட்டுதான். பொம்பளப் பிள்ளைங்களுக்கு அதுவும் கிடையாது. ஸ்கூல் செக்கப்ல உயரம் எடை கண்ணு முதுகெலும்பெல்லாம் பாக்குறாங்க, ஊசி போடுறாங்க, நல்ல விஷயம், ஆனா ஈசிஜி அதுல இல்ல. நம்ம நாட்டுல ஒரு பொண்ணு பொறந்து வளந்து கல்யாணம் கட்டிப் பிள்ளை பெத்து முடிக்கிற வரைக்கும் ஒரு ஈசிஜிகூட எடுக்காம இருக்க முடியும். நான் மொதல் ஈசிஜி எடுத்ததே ஐம்பத்து ரெண்டு வயசுல, அதுவும் முட்டி ஆபரேஷனுக்காக.

எல்லாப் பிள்ளைக்கும் எடுங்கன்னு நான் கேக்கல. இத்தாலியில 1982லேருந்து போட்டி விளையாட்டுக்குப் போறவங்க ஈசிஜியோட செக்கப் பண்ணியே ஆகணும்னு சட்டம் இருக்கு, அங்க வெனேட்டோ பக்கத்துல விளையாட்டுப் பிள்ளைங்க திடீர்னு சாகுறது பத்துல ஒரு பங்கா குறைஞ்சுதுன்னு எழுதியிருக்காங்க. ஆனா லட்சக்கணக்குல எடுத்தா ஒண்ணுமில்லாத பிள்ளைங்களையும் பயமுறுத்தி அலைய விடுவாங்க, அதுக்கு ஆளும் காசும் வேணும், எனக்குப் புரியுது. நான் கேக்குறது ரொம்பச் சின்னது. பொறந்ததுலேருந்து கம்பளி முடியும், ஒண்ணு ரெண்டு வயசுலேருந்து உள்ளங்கை உள்ளங்கால் தடிப்பும் ஒரே பிள்ளைக்குச் சேந்து இருந்தா, தோல் டாக்டர் க்ரீம் சீட்டு எழுதுற அதே கையால ஒரு ஈசிஜிக்கும் எழுதிரணும். அப்படி எத்தனை பிள்ளை இருக்கும் இந்த ஊர்ல? விரல் விட்டு எண்ணிரலாம். அஞ்சு நிமிஷ வேலை, வலிக்காது. ஒரு தடவ நல்லா இருந்தாலும் விட்டுறாம வளர வளர திரும்பப் பாக்கணும், ஏன்னா நெஞ்சுல மாற்றம் மெதுவாத்தான் வரும்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், இல்லாட்டி நாளைக்கே சுருட்ட முடிக்காரங்க எல்லாம் போலிகிளினிக்ல க்யூ நிப்பாங்க. சாதா சுருட்ட முடி இல்ல இது. வெறும் குதிகால் வெடிப்பும் இல்ல. எனக்கே பித்தவெடிப்பு இருக்கு, வீட்டுல செருப்பு இல்லாம நடக்குறதால. ரெண்டும் சேந்து, குழந்தையிலேருந்து, குடும்பத்துல மத்தவங்கள மாதிரி இல்லாம, அதுதான் கணக்கு.

பையனுக்கு ஐசிடி வச்சாச்சு. இடது தோளுக்குக் கீழ தோலுக்கு உள்ள தீப்பெட்டியவிடக் கொஞ்சம் பெருசா ஒரு மிஷின், அதுலேருந்து வயர் இருதயத்துக்குள்ள போகுது, துடிப்பு தாறுமாறா போனா அதுவே ஷாக் கொடுத்து திருப்பிரும். நோயக் குணப்படுத்தாது, சாகவிடாம பாத்துக்கும். ஒரு தடவ ஷாக் அடிச்சிருக்கு, எம்ஆர்டி ரயில்ல, காலாங் கிட்ட, பின்னாடியிருந்து யாரோ எட்டி உதைச்ச மாதிரி இருந்துச்சுன்னான், திரும்பிப் பாத்து சண்டைக்கே போயிருப்பானாம். மாத்திரை தினமும். ஓட்டம், கால்பந்து எதுவும் கூடாது. என்எஸ் வேண்டாம்னு அனுப்பிட்டாங்க, கூட்டாளிங்க எல்லாம் தலை மழிச்சுக்கிட்டு பயிற்சிக்கு தெக்கோங் தீவுக்கு ஃபெர்ரி ஏறினப்ப இவன் வீட்டுல கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தான், அது எங்களுக்கு நோயவிடப் பெரிய கஷ்டமா இருந்துச்சு. இப்ப பாலிடெக்னிக் படிக்கிறான், பரவாயில்ல. தங்கச்சிக்கு இன்னும் மிஷின் வைக்கல, மாத்திரையும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா செக்கப்பும். நெட்பால விட்டுட்டு அதே டீமுக்கு ஸ்கோர் எழுதுறா. ரீபாண்டிங்கும் விட்டுட்டா, யார் சொல்லியும் இல்ல, அவளாவே.

சில பேர் ஜீன் டெஸ்ட் எடுத்தா நாளைக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காதுன்னு பயந்து தள்ளிப்போடுறாங்க, எங்க சொந்தத்துலயே ரெண்டு வீடு அப்படி. 2021லேருந்து சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் சேந்து ஒரு ஏற்பாடு வச்சிருக்காங்க, ஜீன் டெஸ்ட் எடுத்துட்டு வான்னு இன்ஷூரன்ஸ்காரங்க யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. சந்தேகம் இருந்தா டெஸ்டுக்கு முன்னாடி கவுன்சலிங்ல உக்காந்து கேக்கலாம், எங்களுக்குப் பொறுமையா சொன்னாங்க.

அப்புறம் ஒரு வேண்டுகோள் உங்களுக்கே. உங்க பேப்பர்ல சுகர், பிபி, கொலஸ்ட்ரால் பத்தி நிறைய போடுறீங்க, வேணும்தான். இந்த மாதிரி அரிய நோய் பத்தியும் தமிழ்ல ஒரு பக்கம் போடுங்க, டாக்டர் ஒருத்தரக் கேட்டு, படத்தோட. இங்கிலீஷ்ல நெட்டுல எல்லாம் இருக்கு, ஆனா குழந்தைக்கு எண்ணெய் தேச்சு, கால் பிடிச்சுவிட்டு, முடிய மொதல்ல தொட்டுப் பாக்குறது வீட்டுல இருக்குற பாட்டிங்க, அவங்க படிக்கிறது உங்க பேப்பரத்தான். முடிவெட்டுற அண்ணன்மாரும் கடையில இதத்தான் விரிச்சு வச்சிருக்காங்க. எங்க அம்மா இன்னைக்கும் காலையில கண்ணாடியப் போட்டுக்கிட்டு கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கும்.

பேர் போட வேண்டாம், பொண்ணு ஸ்கூல்ல படிக்கிறா. அத்தைன்னு மட்டும் போடுங்க.

இப்படிக்கு,
ஓர் அத்தை, ஈசூன்